மார்கழியில் உங்க புழக்கடையில் என்ன பார்த்தீங்க?

பனிமுற்றம் (கிருஷ்ணகிரி), மார்கழி 6, காலை 9.10

எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தைக்குக் கார்த்திகையில் வலது கண்ணில் புரை எடுத்தாங்க. குனியாதீங்க, தூசி பக்கம் போகாதீங்க, தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்கன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லி அனுப்பினார். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து விடிஞ்சதும் விளக்குமாறோட பின்பக்கம் போய்ப் பழகினவங்க. சும்மா உட்காரச் சொன்னா எங்க உட்காருவாங்க? கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, பின்வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, காதை மூடிச் சால்வை சுத்தி உட்கார வெச்சேன். பெருக்குறதை நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். வேலைக்குப் போற அவசரத்துல நான் பெருக்கவும் இல்லை. அப்படியே மூணு வாரம் போயிடுச்சு.

முந்தாநாள் காலையில் "இங்க வாம்மா"ன்னு கூப்பிட்டாங்க. ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்து அடுப்பை அணைச்சிட்டு ஓடினேன். டிசம்பர் பூச்செடியைக் காட்டி, "இந்தப் பூ எப்பவும் இந்த நிறமா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கத்தை, அதே செடிதான்னேன். ஒரு கண்ணை மூடிப் பாத்தாங்க, அப்புறம் மறு கண்ணை மூடிப் பாத்தாங்க. "பழைய கண்ணுக்குச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. புதுக்கண்ணுக்குக் கத்தரிப்பூ ஊதா, நடுவுல நீலம்." இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்துப் போச்சு. பத்து வருஷமா இந்தப் பூவைத் தொடுத்துத் தலையில் வெச்சிருக்காங்க. நிறம் மங்கினது அவங்களுக்கே தெரியலை.

அன்னைக்கு நானும் கீழே உட்கார்ந்தேன். மணி 6.40. சையத் பாஷா மலைப் பாறை மேல மட்டும் வெயில் விழுந்திருக்கு, எங்க வீட்டுக்கு இன்னும் வரலை. துவைக்கிற கல்லுக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவுல ஒரு சிலந்தி வலை. ஒவ்வொரு நூல்லயும் கடுகை விடச் சின்னதா நீர்முத்து கோத்திருக்கு. நடுவுல பெருக்கல் குறி போட்ட மாதிரி வெள்ளைப் பின்னல், அந்தக் குறியோட நாலு கோட்டுக்கும் நேரா காலை ரெண்டு ரெண்டாச் சேத்து வெச்சு, தலைகீழா சிலந்தி உட்கார்ந்திருக்கு. ஏழே கால் மணிக்கு வெயில் சுவரைத் தாண்டுச்சு. நான் டீ எடுத்துட்டு வர்றதுக்குள்ள முத்தெல்லாம் காணோம். வலை இருந்த இடமே கண்ணுக்குத் தெரியலை.

அந்த அரை மணி நேரம் தினமும் நடந்துட்டுத்தான் இருந்திருக்கு, நான்தான் உள்ளே தோசைக்கல்லு பக்கத்துல நின்னிருக்கேன். நம்ம மாவட்டத்துக்காரங்க, பக்கத்து மாவட்டத்துக்காரங்க, உங்க வீட்டுப் பின்னால என்ன இருக்குன்னு எழுதுங்க. அத்தைக்குப் படிச்சுக் காட்டணும்.

தகடூரான் (தருமபுரி), மார்கழி 6, மதியம் 1.25

பக்கத்து மாவட்டம்னு பிரிச்சுச் சொல்லாதீங்கக்கா, 2004 வரைக்கும் எல்லாம் ஒரே தருமபுரிதானே!

படிச்சதும் மனசு நிறைஞ்சுது. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாப் பழுத்துப் போயிடும், நீல ஒளியைத்தான் அது அதிகமாத் தடுக்கும்னு எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணப்ப கண் டாக்டர் சொன்னார். அதனாலதான் எடுத்த பிறகு நீலமும் ஊதாவும் பளிச்சுன்னு தெரியுது. அத்தைகிட்டச் சங்குப்பூ இருந்தாக் காட்டுங்க. விஷ்ணுகிராந்தியும் காட்டுங்க, தரையோட தரையா, சட்டைப் பொத்தானை விடச் சின்ன நீலப் பூ. காலையில் விரியும், வெயில் ஏறினா மூடிக்கும்.

எங்க வீட்டுல ஒரு சந்தேகம். தொட்டியில் தக்காளிச் செடி இருக்கு. காலையில் பாத்தா இலையோட ஓரத்துப் பல்லு ஒவ்வொண்ணுலயும் சரியா ஒரு சொட்டு. அளந்து வெச்ச மாதிரி. பனி விழுந்தா இலை முழுக்கத்தானே நனையணும்? ஓரத்துல மட்டும் ஏன்?

இன்னொண்ணு, நீங்க புழக்கடைன்னு எழுதினது நல்லதாப் போச்சு. சென்னையில் இருக்கிற என் மச்சான் வீட்டுப் பின்பக்கத்தைக் கொல்லைங்கறார். எங்க ஊர்ல கொல்லைன்னா மானாவாரி நிலம், ராகியும் அவரையும் போடுற இடம். "கொல்லையில் சிலந்தி பாத்தேன்"னா எங்க பாட்டி எத்தனை ஏக்கர்னு கேப்பாங்க.

மூலைப்பாத்தி (அரூர்), மார்கழி 6, இரவு 8.40

தம்பி, அது பனித்துளி இல்லை. செடியே வெளியே விட்ட தண்ணீர். முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் வேர் உறிஞ்சும் நீர் இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. இரவில் அந்தத் துளைகள் மூடிக்கொள்ளும். மார்கழி இரவில் காற்றும் ஈரம். ஆனால் மண்ணில் தண்ணீர் இருந்தால் வேர் சும்மா இருப்பதில்லை, உள்ளே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அந்த நீர் நரம்பு முடியும் இடத்தில், இலை ஓரத்தில் உள்ள தனித் துளைகள் வழியே சொட்டாக வெளிவரும். பாடநூலில் இதற்கு நீர் வடிதல் என்று பெயர். தக்காளியில் இலைப்பல் ஒவ்வொன்றிலும் நிற்கும். புல்லிலும் ராகியிலும் தாளின் நுனியில் ஒரே ஒரு சொட்டு. சேம்பு இலையில் கூர்நுனியில் திரண்டு நின்று, பாரம் தாங்காமல் கீழே விழும். அடுத்த சொட்டு திரள்வதை உட்கார்ந்தே பார்க்கலாம்.

பனித்துளி வேறு வழியில் வருகிறது. அது மேலிருந்து விழுவதும் இல்லை. மேகமில்லாத இரவில் இலையும் புல்லும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படியும், பொடிப் பொடியாக, இலை முழுக்க. மேகம் மூடிய இரவுக்கு மறுநாள் பனி இருக்காது, கவனித்திருப்பீர்கள். மாமரத்தடிப் புல்லும் காய்ந்தே கிடக்கும், மரம் வானத்தை மறைத்துவிடுவதால்.

நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். இரண்டு தொட்டிக்கும் மாலையில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஒன்றின் மேல் வாளியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள், மற்றதை வெட்டவெளியில் விடுங்கள். விடிந்ததும் பார்த்து எழுதுங்கள்.

தகடூரான், மார்கழி 8, காலை 7.35

ஐயா, கை விரைக்குது, இருந்தாலும் இப்பவே எழுதிடறேன்.

வாளிக்குள்ள இருந்த செடி: இலை மேல்பரப்பு காய்ஞ்சு மொரமொரன்னு இருக்கு, ஓரத்துல மட்டும் சொட்டு. ஒரே இலையில் பதினேழு எண்ணினேன். வெளியில் இருந்த செடி: ஓரத்துல அதே பெரிய சொட்டு, அது போக இலை மேலெல்லாம் மாவு தூவின மாதிரி பொடித்துளி, தண்டுல இருக்கிற ரோமத்துலகூட. விரலால் கோடு போட்டா கோடு விழுது. ரெண்டும் வேற வேறன்னு கண்ணாலயே பாத்தாச்சு. என் பொண்ணு அஞ்சாம் வகுப்பு, அவளும் எண்ணினா. அவளுக்குப் பத்தொன்பது வந்துச்சு.

மூலைப்பாத்தி, மார்கழி 8, காலை 10.05

மிக்க மகிழ்ச்சி. குழந்தை எண்ணியதுதான் சரியாக இருக்கும். வெயில் வந்து அந்தச் சொட்டுகள் காய்ந்த பிறகு அதே இடங்களைப் பாருங்கள், சில இலைகளில் மெல்லிய வெள்ளைப் புள்ளி தங்கியிருக்கும். செடியின் நீரில் கரைந்திருந்த உப்பு அது. பனித்துளி காய்ந்தால் அப்படி எதுவும் மிஞ்சாது.

ராகிக்களி (தேன்கனிக்கோட்டை பக்கம்), மார்கழி 9, மாலை 6.20

உங்க ஊர்ப் பனியெல்லாம் எங்க பக்கம் வந்து பாக்கணும். கிருஷ்ணகிரி 500 மீட்டர் உயரம்னா ஓசூர் கிட்டத்தட்ட 900. காலை எட்டு மணி வரைக்கும் எதிர் வீடு தெரியாது. தளியைச் சின்ன இங்கிலாந்துன்னு வெள்ளைக்காரன் காலத்துல இருந்து சொல்றாங்க.

எங்களுக்கு இந்தப் பருவம்னா அவரைதான். வேலியில் ஏத்திவிட்ட கொடியில் ஊதாப்பூ ஒரு பக்கம், வெள்ளைப்பூ ஒரு பக்கம். பனி இறங்கினாத்தான் அவரைக்கு வாசம் ஏறும்னு எங்க அம்மா சொல்லும். காயைப் பறிச்சா விரல்ல பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி ஒட்டும், அந்த வாசம் ரெண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. எனக்குப் பெங்களூர்ல வேலை. ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ல திரும்பிப் போகும்போது கையை மோந்து பாத்துட்டே போவேன். சங்கப் பாட்டுலயும் முன்பனிக்காலத்தை அவரை பூக்கும் காலம்னுதான் சொல்லியிருக்காங்கன்னு கேள்விப்பட்டப்ப, நம்ம வேலியைத்தான் சொல்லியிருக்காங்கன்னு தோணுச்சு.

ஆனா எங்களுக்கு விடியக்காலையில் தனியாப் போய்ப் பின்னால உட்கார முடியாது. ராகி அறுக்கிற இந்தச் சமயத்துலதான் பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைங்க இந்தப் பக்கம் இறங்கும். ராத்திரி பரண்ல காவல். நான் பாக்கிறதெல்லாம் வெயில் நல்லா வந்த பிறகுதான். அப்பவும் அவரைப்பூவுல கறுப்பு வண்டுத்தேனீ வந்து உட்காரும்போது பூவே தொங்கிப் போகும். அது கிளம்பினதும் பூ நிமிர்ந்து ஆடி நிக்கும். அது போதும் எனக்கு.

இட்டேரி (பாலக்கோடு), மார்கழி 10, காலை 8.50

பறவை பத்தி யாரும் எழுதலையேன்னு வந்தேன்.

பாத்திரம் கழுவற தண்ணி ஓடுற வாய்க்கால்ல இப்ப ஒரு வாலாட்டிக் குருவி இருக்கா பாருங்க. முதுகு சாம்பல், அடிவயிறு மஞ்சள், வால் ஒரு நொடி நிக்காது. மஞ்சளைப் பாத்து மஞ்சள் வாலாட்டின்னு சொல்லிடுவாங்க, எங்ககிட்ட வர்றது பெரும்பாலும் சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கம் ஓடைக்கரையில் குஞ்சு பொரிச்சிட்டு, புரட்டாசி வாக்குல இங்க வந்து சேரும், பங்குனி சித்திரைக்குள்ள திரும்பிடும். அவ்வளவு தூரம் பறந்து வந்து எங்க வீட்டு அரிசி கழுவின தண்ணி ஓரத்துல கொசுப்புழு பொறுக்கிட்டு இருக்கு. நான் அந்த வாய்க்காலுக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுறதை நிறுத்திட்டேன்.

இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் கேக்கும். செம்பருத்திப் புதர், மருதாணி வேலி மாதிரி அடர்த்தியான இடத்துல இருந்து நாக்கைத் தட்டுற மாதிரி "டக்... டக்"னு நாள் முழுக்க ஒரு சத்தம். பிளைத் நாணல் கதிர்க்குருவி. பழுப்பு நிறம், பாக்க ஒண்ணும் இருக்காது. அதுவும் குளிருக்கு நம்மகிட்ட வந்து தங்கற விருந்தாளிதான். அத்தை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தாங்கன்னா இதைத்தான் முதல்ல கேப்பாங்க.

தண்ணிக்கேணி (காரிமங்கலம்), மார்கழி 10, மதியம் 2.15

எல்லாரும் அழகு பாக்கிறீங்க, நல்லதுதான். நான் ரெண்டு சின்னப் பிள்ளைகளை வெச்சிருக்கேன். பெருக்காம விட்டா என்ன ஆகும்னு யாரும் சொல்லலையே. போன வருஷம் எங்க விறகுக் கட்டைக்கு அடியில் கட்டுவிரியன் இருந்துச்சு. தேங்காய்ச் சிரட்டையில் நின்ன தண்ணியால என் பெரியவனுக்கு டெங்கு வந்து, தட்டணு குறைஞ்சு அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சிலந்தி வலைக்காகப் பின்பக்கத்தைக் குப்பையா விட என்னால முடியாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

பனிமுற்றம், மார்கழி 10, இரவு 9.30

தப்பா எடுக்க ஒண்ணுமே இல்லைங்க. உங்க பையன் இப்ப நல்லா இருக்கானா? நீங்க சொன்னதை அத்தைகிட்டப் படிச்சேன். "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி, தண்ணி தேங்கறதை விடாதே"ன்னாங்க. இன்னைக்குச் சாயங்காலமே சிரட்டை, உடைஞ்ச தொட்டி எல்லாம் கவிழ்த்தாச்சு. வீட்டுச் சுவரை ஒட்டி நாலடிக்குச் சுத்தமாப் பெருக்கிட்டேன். விறகை மேடையில் ஏத்தியாச்சு. சுத்துச்சுவர் பக்கம் இருக்கிற மூலையை மட்டும் விட்டிருக்கேன், அதுக்குள்ள யாரும் கால் வைக்கிறது இல்லை.

விட்டதுக்குக் காரணமும் சொல்லிடறேன். போன வருஷம் இதே மாதம், ஆள் கிடைக்கலைன்னு களைக்கொல்லி வாங்கி அந்த மூலை முழுக்க நானே அடிச்சேன். ஒரு வாரத்துல எல்லாம் கருகிப் போச்சு. தும்பை, வெட்டுக்காயப் பூண்டு, சிறுபூளை ஒண்ணும் மிச்சமில்லை. அந்தப் பொங்கலுக்குத் தேன்சிட்டு வரலை. எங்க கறிவேப்பிலை மரத்துக் கிளையில் வருஷா வருஷம் சிலந்தி நூலை எடுத்துத்தான் அது கூட்டைக் கட்டித் தொங்கவிடும். சிலந்தியே இல்லாத இடத்துல நூலுக்கு எங்க போகும்? அத்தை அப்ப ஒண்ணும் சொல்லலை. ரெண்டு மூணு நாள் அந்தப் பக்கமே வராம இருந்தாங்க. அது எனக்கு இன்னும் உறுத்துது.

தண்ணிக்கேணி, மார்கழி 11, காலை 6.55

பையன் நல்லா இருக்கான்க்கா. நாலடி சுத்தம், மூலை மட்டும் விடறதுன்னா எனக்கும் சம்மதம். இப்பப் பின்வாசல்ல நின்னுதான் எழுதறேன். எங்க முருங்கையில் பூ உதிர்ந்து, நேத்துப் பெருக்கின மண்ணு மேல வெள்ளையா விரிச்ச மாதிரி கிடக்கு. இன்னைக்குக் கொஞ்சம் நேரம் கழிச்சுப் பெருக்கறேன்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்), மார்கழி 19, மாலை 5.10

தாமதமா வந்துட்டேன், தோப்புல வேலை. எங்ககிட்டப் பெங்களூராவும் செந்தூராவும். வீட்டுப் பின்னால தனியா ஒரு நீலம் மாமரம். இப்பத்தான் மொக்கு விட்டிருக்கு.

மாம்பூவைத் தூரத்துல இருந்து பாக்கிறவங்கதான் அதிகம். ஒரு கொத்தைக் கையில் பிடிச்சு, கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுவந்து பாருங்க. ஆயிரத்துக்கு மேலகூடப் பூ இருக்கும், ஒவ்வொண்ணும் அரிசிக்குருணை அளவு. அஞ்சு இதழ், இதழ்ல மஞ்சள் கோடு, பூ வயசாக ஆக அந்தக் கோடு சிவந்துடும். இதுல பெரும்பகுதி ஆண் பூ. நடுவுல குண்டூசித் தலை மாதிரி பச்சை உருண்டை இருக்கிற பூ எதுவோ அதுதான் காய் பிடிக்கும். ஒரு கொத்துல கடைசியில் ஒண்ணு ரெண்டு காய் நின்னாப் பெரிசு. அந்த ஒண்ணுக்காக மரம் ஆயிரம் பூ பூக்குது.

மகரந்தம் கொண்டுபோறதுல ஈக்களுக்குத்தான் பெரிய பங்கு. நாம விரட்டற அதே ஈ. அதனால பூ விரிஞ்சிருக்கிற நாள்ல வீட்டு மரத்துக்கு யாரும் மருந்து அடிக்காதீங்க. தத்துப்பூச்சிக்கு அடிக்கிறதா இருந்தா பூ விரியறதுக்கு முன்னாலேயே அடிச்சுடணும். ராத்திரி குளிர் நல்லா இருந்தாத்தான் மா ஒழுங்காப் பூக்கும். ஆனா மூடுபனி நாள் கணக்கா நின்னா சாம்பல் நோய் வந்து பூவெல்லாம் வெள்ளை பூசின மாதிரி ஆகி உதிரும். குளிர் வேணும், மூடாக்கு வேண்டாம். தை முடியற வரைக்கும் தினமும் எழுந்ததும் வானத்தைத்தான் பாப்பேன்.

சாமந்திப்பாத்தி (ராயக்கோட்டை), மார்கழி 20, காலை 9.00

நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வீட்டுப் பின்னால நாப்பது சாமந்தி வெச்சேன். எல்லாம் ஒரே நாள்ல நட்டது. முப்பது செடி மஞ்சளா நிக்குது, தெருப்பக்கச் சுவரை ஒட்டின பத்து செடி மட்டும் பச்சையாவே உயரமா வளருது, மொக்கே இல்லை. உரமும் தண்ணியும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அப்புறம்தான் பிடிபட்டுச்சு, புதுசாப் போட்ட தெருவிளக்கு. சாமந்திக்கு நீளமான இருட்டு வேணும், ராவெல்லாம் வெளிச்சம் பட்டா அதுக்கு இன்னும் பகல் நீளம்னு நெனப்பு, பூக்காது. விளக்கைப் பாத்த பக்கம் சாக்குப் படுதா கட்டியிருக்கேன். மொக்கு வந்ததும் எழுதறேன்.

பனிமுற்றம், மார்கழி 29, போகி, காலை 10.40

எல்லாத்தையும் அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். வாலாட்டியைத் தேடினோம், பக்கத்து வீட்டு மாட்டுத்தொட்டிகிட்ட இருக்கு. "டக் டக்" சத்தத்தை அத்தை மூணாவது நாளே பிடிச்சுட்டாங்க, எனக்குத்தான் ஒரு வாரம் ஆச்சு. கறிவேப்பிலைத் தண்டுல பச்சையா ஒரு கூட்டுப்புழு, இடுப்புல ஒரே ஒரு நூலைக் கட்டிச் சாய்ஞ்சு நிக்குது. மாசத் தொடக்கத்துல அதே மரத்து இலையில் இருந்த புழுவைக் காக்கா எச்சம்னு நெனச்சுத் துடைக்கப் போனேன், அத்தைதான் தடுத்தாங்க, நல்லவேளை.

இன்னைக்கு வீடு சுத்தம் பண்ற நாள். எரிக்கிறதுக்குச் சருகு அள்ளலை, அந்த மூலையில் வேர்ப்பக்கம் போட்டாச்சு. காப்புக் கட்டப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை வேணும்னு வழக்கமாச் சந்தையில் கட்டு வாங்கிட்டு வருவேன். இன்னைக்கு அத்தையே எழுந்து போய், அந்த மூலையில் முளைச்சிருந்த சிறுபூளையைக் குனியாம, நான் தாழ்த்திப் பிடிக்க, கத்திரியால வெட்டினாங்க. பஞ்சு மாதிரி வெள்ளைக் கதிர் மேல இன்னும் பனி காயலை. "நல்லா உதறிட்டுக் கட்டு, ஈரத்தோட வெச்சா கறுத்துடும்"னாங்க. வாசல்ல கட்டியாச்சு. மிச்சத்தை அங்கேயே விட்டுட்டோம்.

இடது கண்ணுக்கு மாசியில் தேதி கொடுத்திருக்காங்க.